பெயர் கரைந்த மூன்று கண்ணாடிகள்

"சார், ஒங்க வீட்டம்மாவுக்குத்தான் கேன்சர் இல்லன்னு வந்துட்டுல்லா? பொறவு எதுக்கு இங்கன வந்து நிக்கிய?"

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு லேப் மேனேஜர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

நியாயமான கேள்விதான். பாஸான பிள்ளையின் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை?

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி கிரேஸுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் செல் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து தூத்துக்குடி லேப்புக்குப் பஸ் பிடித்துப் போனோம்.

லேப் சுவரில் தங்க எழுத்தில் "தரமே உயிர்!" என்று ஒரு போர்டு. (யாருடைய உயிர் என்று போடவில்லை.)

அன்று கழுத்துக் கட்டியோடு வந்தவர்கள் மூன்று பேர். கிரேஸ், ஓர் உப்பள மேஸ்திரி, கருவாட்டு வியாபாரி அந்தோணியம்மா.

லேப்புக்கு வந்துபோகும் டாக்டர் மூவருக்கும் ஊசியால் செல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த லேப்புக்கு ஓடிவிட்டார்.

அங்கிருந்த டெக்னீஷியன் பெண், மார்க்கர் பேனாவால் கண்ணாடிகளில் பெயர் எழுதினார். அழகான கையெழுத்து. பத்துக்குப் பத்து போடலாம்.

பிறகு மூவருடைய கண்ணாடிகளையும் ஒரே ஜாடியில் வரிசையாக இறக்கினார். செல் கெடாமல் இருக்க அதில் ஆல்கஹால் ஊற்றியிருக்கிறார்களாம்.

ஆல்கஹால் செல்லைக் காப்பாற்றும். மார்க்கர் மையைக் காப்பாற்றுமா?

ஜாடி இளநீலமாகிக்கொண்டே வந்தது!

"தங்கச்சி, பேரு கரையுத மாதிரி இருக்கே?"

"வரிச தெரியும் சார். மொதல்ல ஒங்க வீட்டம்மா, நடுவுல மேஸ்திரி, கடைசி அந்தக் கருவாட்டம்மா."

அற்புதமான முறை! நம் துறைமுகத்திலும் கன்டெய்னர் நம்பரையெல்லாம் அழித்துவிட்டு, "மொதல்ல இருக்கது கொழும்புக்கு, கடைசி துபாய்க்கு" என்று கப்பலேற்றிப் பார்க்கலாம்.

இதை அப்போது சொன்னேனா? இல்லை. "சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கு" என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லியே ரிட்டயர் ஆனவன், கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கிரேஸுக்குப் புற்றுநோய்.

அன்று வீட்டில் அடுப்பு பற்றவில்லை. கிரேஸ் பீரோவைத் திறந்து, எந்தச் சேலை யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். (அவள் தங்கைக்கு நல்லதாக ஒன்றுகூட இல்லை. அந்த நிலையிலும் அதைக் கவனித்தேன்.)

ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலியில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தோம். பழைய கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மேல ஸ்டிக்கர் ஒட்டிருக்கு. அதுக்கு அடியில பேரே இல்லயே. இது இவங்களோடதுதான்னு யாரு சொன்னா?"

"வரிசை சொல்லுச்சு டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை.

மறுபடியும் ஊசி.

அங்கே கண்ணாடியின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் பெயரும் நம்பரும் எழுதினார்கள். பென்சில் எழுத்து ஆல்கஹாலில் கரையாதாம். ஆளுக்கு ஒரு ஜாடி. ஊசிக்கு முன்னால் ஒருவரும் பின்னால் இன்னொருவரும் வந்து பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டார்கள்.

"என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஆளாளுக்குப் பொறந்த தேதி கேக்காவ? அஞ்சு நிமிசத்துல நான் என்ன மாறியா போயிருவேன்?"

"நீ மாற மாட்ட. கண்ணாடி மாறும்."

மாறித்தான் இருந்தது! கிரேஸுக்கு வெறும் சாதாரணக் கட்டி. ஸ்கேனும் அதையே சொன்னது.

திரும்பி வரும்போது, கொடுத்த சேலைகளை எப்படித் திரும்ப வாங்குவது என்று பாதி தூரம் பேசிக்கொண்டே வந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பம் அந்த ரிப்போர்ட்டு யாருதுங்க?"



விடைத்தாள் மாறிப்போனால், ஃபெயில் என்று சொல்லப்பட்டவன் அழுதுகொண்டே மறுகூட்டலுக்கு வந்துவிடுவான். பாஸ் என்று சொல்லப்பட்டவன் வரவே மாட்டான். அவன் வீட்டில் லட்டு கொடுத்துக்கொண்டிருப்பான்.

அதனால்தான் மறுநாள் அந்த லேப்பில் போய் நின்றேன். முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியை மேனேஜர் கேட்டார்.

"மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுத் திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க தம்பி."

"அப்படிச் சொன்னா எங்களப் பத்தி ஊருல என்ன நெனைப்பாவ சார்? வேணும்னா அம்மாவுக்கு சுகர் டெஸ்ட் ஃப்ரீயா பாத்துத் தாரோம்."

(என்ன தாராளம்!)

நான் நகரவில்லை. ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் "ஒங்களுக்குத் தனி ஜாடியா, கூட்டு ஜாடியா?" என்று அன்போடு விசாரிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது ஆளிடம் கேட்டதும் மேனேஜர் போனை எடுத்தார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. காலை ஷிப்ட் இந்தப் பக்கமிருந்து வைத்ததை, மாலை ஷிப்ட் அந்தப் பக்கமிருந்து எடுத்திருக்கிறது. அவ்வளவுதான்! முதலும் கடைசியும் இடம் மாற, நடுவில் இருந்த மேஸ்திரி தப்பித்தார்.

அந்தோணியம்மாவிடம் பேசச் சொல்லி, போனை என் கையிலேயே கொடுத்துவிட்டார் மேனேஜர்.

"ஏன் சார், ஒண்ணுமில்லன்னு கோயில்ல நன்றிப் பூச வச்சி, தெருவுக்கே மிட்டாய் குடுத்தாச்சி. இப்பம் வந்து எனக்குச் சீக்குன்னு சொல்லுதியளா?"

"இல்லம்மா. இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுதேன். ஜாடியில பேரு கரைஞ்சத நான் கண்ணால பாத்தேன்."



"சரி, டெஸ்டுக்கு வாரேன்" என்றார் அந்தோணியம்மா.

திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அந்த ரிப்போர்ட் அவருடையதுதான். நல்லவேளை, ஆரம்பக் கட்டம். போன வாரம் ஆபரேஷன் முடிந்தது.

நேற்று நானும் கிரேஸும் போய்ப் பார்த்தோம். கழுத்தில் கட்டு. சந்தையையே அதட்டும் அந்தக் குரல், காற்றுப் போல வந்தது.

"ஒரு மாசத்துல சத்தம் வந்துரும்னு சொல்லிருக்காவ சார். வந்ததும் மொத ஏச்சு அந்த லேப்புக்கு. ரெண்டாவது ஒங்களுக்கு."

"எனக்கா? எதுக்கும்மா?"

"கண்ணால பாத்தேன்னு சொன்னியள்லா? அன்னைக்கே ஏன் கத்தல?"



நீங்களாவது இதைச் செய்யுங்கள்: உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிச் செல் எடுத்தால், கண்ணாடி ஜாடிக்குள் போகும் முன், அதில் பென்சிலால் எழுதிய பெயரைக் காட்டச் சொல்லி, சத்தமாக வாசியுங்கள்.