ஆறு கல்லுக்குச் சமமானவர்

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் அவரை எல்லோரும் எடைக்கல் என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் பாதி கிண்டல், பாதி நன்றி. லிஃப்டில் அளவுக்கு மீறி ஆள் ஏறினால் மணி அடிக்க வேண்டும். கதவு மூடக் கூடாது. மணி சரியான எடையில் அடிக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துத் திருத்தி வைப்பார்கள். அதற்கென்று இருபது கிலோ இரும்புக் கற்கள் உண்டு. அவற்றை வேனிலிருந்து இறக்கி, வாசற்படி ஏற்றி, லிஃப்டுக்குள் அடுக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அவரோ சரியாக நூற்றிருபது கிலோ. ஆறு கற்கள் தாமாகவே நடந்து வந்து லிஃப்டில் நிற்கும்போது எவன் ஆறு கல்லைத் தூக்குவான்? மீதிக் கற்களை மட்டும் இறக்கினார்கள். மேனேஜரும் கண்டும் காணாமல் இருந்தார்.

அவர் இந்தப் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் பல் துலக்கிய கையோடு எடை பார்ப்பார். முள் இறங்கியிருந்தால் ரொட்டிக்கு இரண்டு மடங்கு வெண்ணெய். ஏறியிருந்தால் அன்று இரவுச் சாப்பாடு கிடையாது. ஒருமுறை காய்ச்சலில் இளைத்துவிட்டார். காய்ச்சல் விட்ட பிறகும் லீவு போட்டு, தின்று தேறி, முள் பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் வேலைக்குப் போனார்.

பிறகு முழங்கால் மக்கர் பண்ணியது. லிஃப்டை இழுக்கும் இயந்திரம் மொட்டைமாடி அறையில் இருக்கும். அங்கே போக லிஃப்ட் கிடையாது, படிதான். அந்தக் கடைசிப் படிகளை அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற ஆரம்பித்தார். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நூறு கிலோவுக்குக் கீழே வராமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். மூட்டை மாற்றாவிட்டால் வேலை போய்விடும். எடை குறைந்தாலும் வேலை போய்விடும் என்று அவர் நம்பினார்.

எடை குறைக்க வழிகாட்டும் பயிற்சியாளர் ஒருவரை ஆஸ்பத்திரி அவருக்கு ஒதுக்கியது. வாரம் ஒருமுறை போன் செய்யும் இளம்பெண்.

"இதுக்கு முன்னாடி எடையைக் கட்டுப்படுத்த முயற்சி பண்ணியிருக்கீங்களா சார்?"

"தினமும் பண்றேம்மா. பதினெட்டு வருஷமா நூத்திருபதுல நிக்குது. அரைக் கிலோ அப்படி இப்படி ஆனா அன்னிக்கே சரி பண்ணிடுவேன்."

அவளிடம் வருகிறவர்கள் பாடுபட்டுக் குறைத்ததைக் காப்பாற்றத் தெரியாமல், கொஞ்ச நாளில் வட்டியும் முதலுமாக ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறவர்கள்.

"சார், எடையைப் பிடிச்சு வைக்கிறதுதான் இதுல கஷ்டமே. அதுல நீங்க பாஸ். நம்பர்தான் தப்பு."

"நம்பரை மாத்தினா கம்பெனி ஒத்துக்காதும்மா." அவர் கல் விவரத்தைச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். அவர்கள் வேலையில் சிரிக்கக் கூடாதாம்.

"மாசத்துக்கு ரெண்டு கிலோ போதும். நான் புது நம்பர் சொல்றேன், நீங்க அதுல நில்லுங்க. நிக்கத்தான் உங்களுக்குத் தெரியுமே."

அது அவருக்குப் புரிந்தது. மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.

"ஏங்க, தட்டுல பாதி இலையும் தழையும். ஆட்டுக்கு வெக்கிற மாதிரி இருக்கு. இத்தனை வருஷம் நான் ஆக்கிப் போட்டு வளர்த்ததை போன்ல எவளோ ஒருத்தி கரைக்கிறா."

கம்பெனிக்குத் தெரியாமல் இருக்க அவர் இரண்டு பனியன் போட்டு, மேலே தடித்த சட்டையும் போட்டார். கூட வேலை செய்யும் ஒல்லிக்கு மட்டும் சந்தேகம்.

"அண்ணே, சட்டைக்குள்ள நீங்க எங்க இருக்கீங்க?"

"துணி விட்டுக்கொடுத்திருச்சுடா. வேலையைப் பாரு."

லிஃப்டில் ஏறி நின்றார். ஆறு கல் என்று கணக்கில் வைத்து மணியைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு முழுக்க அப்படியே நடந்தது.

எடை நூறைத் தொட்டு, ஆபரேஷனுக்குத் தேதி குறித்த வாரம், பயிற்சிப் பெண் மூச்சு வாங்கப் பேசினாள்.

"சார், தண்ணித்தொட்டி பக்கத்துல உசரமா ஒரு கட்டிடம் இருக்கே, அங்கிருந்து மட்டும் ஒரு கூட்டமே எங்கிட்ட சேர்ந்திருக்கு. எப்பவும் போற அதே ஆளுங்கதான், ஆனா இப்ப கடைசி ஆள் கால் வெச்சதும் மணி அடிக்குதாம். லிஃப்டே சொல்லிடுச்சுன்னு வர்றாங்க. ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் அவர் சம்சாரமும் இப்ப ஒரே லிஃப்டுல போறதில்லையாம். யாரால அடிக்குதுன்னு வீட்டுல தினமும் பஞ்சாயத்து."

அவர் போனைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அந்த லிஃப்டில் போன மாதம்தான் ஆறு கல்லாக நின்றார். உண்மையில் ஐந்தேகால்கூட இல்லை. தான் இளைத்ததை அந்தக் கட்டிடத்தின் தலையில் கட்டியிருந்தார். மணி சீக்கிரம் அடிப்பதால் ஆபத்து எதுவும் இல்லை, அவமானம்தான். அதுவும் ஒரு கட்டிடத்தில் மட்டுமா?

"பேசாம இருங்க," என்றாள் மனைவி. "ஆபரேஷன் முடியட்டும். இப்போ சொன்னா வேலையும் போகும், காலும் போகும்."

மறுநாள் காலையில் அவர் மேனேஜர் முன்னால் நின்றார்.

"சார், நான் இப்ப ஆறு கல் இல்லை."

"பின்னே?"

"அஞ்சு. அதுக்கும் கொஞ்சம் கம்மியாகப் போறேன்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எப்ப இருந்து தேய்மானம்?"

"ஒரு வருஷமா."

"ஏன் ரிப்போர்ட் பண்ணலை?"

மேனேஜர் கடிதம் அடிக்க உட்கார்ந்தார். வேலைநீக்கத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ஊழியர் மெலிந்துவிட்டார் என்று எழுதினால், ஏன் மெலியக் கூடாது என்று மேலிடம் கேட்கும். மனிதனைக் கல்லாக வைத்திருந்தோம் என்று எப்படி எழுதுவது? மூன்று தாள் கிழித்தார். நான்காவது தாளில் ஆபரேஷனுக்கு லீவு எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு தொட்ட லிஃப்டுகளை எல்லாம் இரும்பு வைத்துத் திரும்பச் சோதிக்கச் சொன்னார்.

ஒல்லி கல்லைத் தூக்கினான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினார்.

"அண்ணே, நீங்க எவ்வளவு நல்ல மனுஷன்னு இதைத் தூக்குறப்பதான் தெரியுது."

தண்ணீர்த்தொட்டி பக்கத்துக் கட்டிடத்தில் திருத்தி முடித்ததும் பழைய கூட்டம் ஏறிப் பார்த்தது. மணி அடிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் தன் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அய்யா, நாங்கதான் மணியைத் தப்பா வெச்சிருந்தோம்," என்றார் எடைக்கல்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றார் ஹெட்மாஸ்டர். "இவ ராத்திரிச் சோத்தைப் பாதியாக்கி ரெண்டு கிலோ குறைச்சிருக்கா. அதைக் கெடுக்காதீங்க."

ஆபரேஷன் அன்று நர்ஸ் அவரை எடைமேடையில் ஏற்றினாள். முள் நூறுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. அவர் இறங்கவில்லை.

"சிஸ்டர், இந்த மெஷினைக் கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"இறங்குங்க சார். டாக்டர் காத்திருக்கார்."

மூட்டு நன்றாகப் பொருந்தியது. பயிற்சிப் பெண் போன் செய்வதை நிறுத்தவில்லை. அவரும் அவள் கடைசியாகச் சொன்ன எண்ணிலேயே நின்றார். அந்தக் காலோடு ஒன்பது வருடம் வேலைக்குப் போனார். ஆயுசில் அந்த ஒன்பதுதான் மீதி கிடைத்தது.

அந்த ஒன்பதில் முதல் நாள், லீவு முடிந்து வந்த அன்று. மொட்டைமாடி அறைக்குப் போகும் படிகளை, கைப்பிடியைத் தொடாமல், உட்காராமல் ஏறினார். கதவு வரை போய் நின்றார். கீழே ஒல்லி இன்னும் கல் இறக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மேல போயிட்டீங்களா?"

"வந்துட்டேன். நீ மெதுவா வாடா."