கிணற்றை மறந்த உயில்

வந்தவரின் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருப்பார் கரீம் பாஷா. "எத்தன புள்ளைங்க?" என்று கேட்டால் வேலூர்ப் பக்கத்துக் குடியானவர் "ரெண்டுங்க" என்பார். இரண்டு விரல் மடங்கும். "பொட்டப்புள்ளைங்க?" என்றால், "அது ஒரு மூணு இருக்குதுங்க" என்று பதில் வரும். மடங்கிய கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "பாருங்க சாமி, கை நெறையா ஆளு. ரெண்டுன்னு சொல்லிப்போட்டீங்களே" என்பார் பாஷா. அப்புறம் இடது கையைக் கேட்டு வாங்குவார். சம்சாரம், வீட்டோடு இருக்கும் தங்கை, கண் தெரியாத சித்தப்பா எல்லாரும் அந்தக் கையில் வருவார்கள். இரண்டு கையும் முடிந்த பிறகுதான் உயில் என்ற பேச்சே எடுப்பார்.

பரமத்தி வேலூரில் பதிவு ஆபீசுக்கு எதிரே வெற்றிலைக் கட்டுகளைக் கூடையில் அடுக்குகிற கொட்டகை ஒன்று உண்டு. அதன் மூலையில் ஒரு பாய், ஒரு சாய்ப்பு மேஜை, ஒரு தகரப்பெட்டி. அதுதான் பாஷாவின் இடம். வெற்றிலை போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது, ஆனால் அவர் எழுதிய பத்திரம் எல்லாம் வெற்றிலை மணக்கும். நான் அந்த ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தாவாக ஏழு வருஷம் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே இது பாஷா பத்திரம் என்று சொல்லிவிடுவேன். இப்போது சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே கட்டுக்கட்டாகப் பத்திரம் வருகிறது, ஒன்றுக்காவது வாசனை உண்டா? சில நாள் மத்தியானத்தில் அந்தக் கொட்டகையை நினைத்துக்கொண்டு வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. மற்ற எழுத்தர்கள் நாலு பத்திரம் முடிக்கிற நேரத்தில் இவர் ஒன்றுகூட ஆரம்பித்திருக்க மாட்டார். நிலத்தை நேரில் பார்க்காமல் ஒரு வரி எழுதுவதில்லை என்று பிடிவாதம். எட்டு மைலானாலும் நடந்து போவார். கிணறு எங்கே, வாய்க்கால் யார் நிலத்தின் வழியாகப் போகிறது, வண்டி எந்தத் தடத்தில் இறங்குகிறது என்று கேட்டுக் கேட்டு வந்தவரின் உயிரை எடுத்துவிடுவார். ஆபீஸ் மூடுகிற நேரத்தில் பத்திரத்தோடு வந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உயில் எழுதினால் சீக்கிரம் செத்துப்போவோம் என்று பயப்படுகிறவர்களிடம், "இருவது வருசமா எழுதறனுங்க, எழுதிப்போட்டு ஊட்டுக்குப் போயி எல்லாரும் நல்லாத்தான் சோறு திங்கறாங்க" என்று சிரிப்பார். சாகிற நேரத்தில் நாலு பேர் காதில் சொன்னால் போதும் என்றிருந்த காலம் போய், எழுத்தும் இரண்டு சாட்சியும் கட்டாயம் என்று சட்டம் வந்து அப்போது கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. பலருக்கு அது தெரியாது. பூர்வீகச் சொத்தை இஷ்டப்படி உயில் எழுத முடியாது, சொந்தமாகச் சம்பாதித்ததற்குத்தான் செல்லும் என்பார். உயிலில் சொத்து பெறப்போகிறவனைச் சாட்சி போடாதே, மனசு மாறினால் கிழித்துவிட்டு வேறு எழுதிக்கொள், ஆனால் படுக்கையில் விழும்வரை காத்திருக்காதே என்பார். இதையெல்லாம் கூடை கட்டுகிற பெண்களுக்குக்கூட மனப்பாடம்.

கிணறு, வாய்க்கால் என்ற அந்தக் கேள்விகள் எப்படி வந்தன என்பதை ஒருநாள் அவரே சொன்னார். முதலில் அவரும் பாயை விட்டு எழாமல்தான் எழுதிக்கொண்டிருந்தார். பச்சமுத்து என்பவர் மாட்டு வியாபாரத்தில் சம்பாதித்து வாங்கிய ஆறு ஏக்கருக்கு உயில் எழுத வந்தார். மூத்த தாரத்து மகன் மாதையனுக்கு ஐந்து ஏக்கர். இளைய தாரம் காளியாத்தாளுக்குக் குழந்தை இல்லை, அவள் ஆயுள் உள்ளவரை ஒரு ஏக்கர். நான்கு எல்லையும் பிசகில்லாமல் எழுதினார் பாஷா. மாதையன் பங்கில் இருந்த கிணற்றை மட்டும் எழுத மறந்தார். பச்சமுத்து கேட்கவில்லை, இவருக்கும் தோன்றவில்லை.

பச்சமுத்து இறந்த மறு வருஷம் மழை பொய்த்தது. கிணற்றில் பாறை தெரிந்ததும் சின்னம்மாவின் ஏக்கருக்குப் போகும் மடையை மாதையன் அடைத்துவிட்டான். பஞ்சாயத்தில் உயிலை விரித்துக் காட்டினான். தண்ணீர் இல்லாத அந்த மேட்டில் என்ன விளையும்? காளியாத்தாள் எட்டு மைல் நடந்து வந்து கொட்டகை வாசலில் நின்றாள். சண்டை போடவில்லை. "எழுத்துல தண்ணி இல்லீங்களாமா சாயபு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். எழுதினதை மாற்றக்கூடிய ஒரே ஆள் செத்துப்போயிருந்தார். கோர்ட்டுக்குப் போக அவளிடம் என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறாள் என்றார் பாஷா. வருஷம் தவறாமல் சித்திரையில் போய் மாதையனிடம் கேட்பாராம். அவன் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "எழுத்துல இருந்தா நான் உடாம இருப்பனுங்களா?" என்பானாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் அந்த மாதையனே கொட்டகைக்கு வந்தான். அவனுக்கு நெஞ்சுவலி. மகன்கள் இரண்டு பேரும் முரடர்கள். மனைவி ராசாத்திக்கு ஒரு ஏக்கர் தனியாக எழுத வேண்டும் என்றான். "கெணத்துத் தண்ணி மொறையும் சேத்தி எழுதீருங்க" என்று அவன் வாயாலேயே சொன்னான். நானாக இருந்தால் வெளியே போடா என்றிருப்பேன். பாஷா வழக்கம்போல அவன் விரல்களை மடக்கினார். ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அவன் காட்டுக்குப் போனார்.

கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் மிளகாய்ச் செடிகளுக்குப் போயிற்று. ராசாத்திக்கென்று மாதையன் காட்டிய ஏக்கர், காளியாத்தாளின் ஏக்கருக்கு ஒட்டினாற்போல இருந்தது. இந்தப் பக்கம் மிளகாய், அந்தப் பக்கம் எருக்கஞ்செடி. காளியாத்தாள் பக்கத்து ஊரில் களையெடுக்கப் போயிருந்தாள். ராசாத்திக்கு எட்டு நாளைக்கு இரண்டு நாள் தண்ணீர் என்று மாதையன் சொன்னான். பாஷா தலையாட்டிவிட்டு, காளியாத்தாளுக்கு எத்தனை நாள் என்று கேட்டார்.

"எழுத்துல இல்லீங்களே."

"எழுத்துல இல்லாதது எம்பட தப்பு சாமி. வாய்க்கால்ல இல்லாதது உம்பட தப்பு."

மாதையன் வரப்பில் உட்கார்ந்துகொண்டான். மோர்ச் செம்போடு நின்றிருந்த ராசாத்தி எருக்கஞ்செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு மம்முட்டியை எடுத்துப் போய் அந்த மடையை வெட்டினாள். பல வருஷமாக இறுகிப்போன மண், நாலைந்து வெட்டு வேண்டியிருந்தது. மாதையன் பாதி எழுந்தான், மறுபடி உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் எருக்கஞ்செடிகளுக்குள் நுழைந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "சின்னாத்தாளுக்கும் ரெண்டு நாளு எழுதீருங்க சாயபு" என்றான்.

பாஷா வரப்பிலேயே உட்கார்ந்து தகரப்பெட்டியைத் திறந்தார். உயிலுக்கு ஸ்டாம்பு தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். உயிருள்ளவன் இன்றைக்கே எழுதிக்கொடுக்கும் உரிமைக்குத்தான் ஸ்டாம்பு தாள் வேண்டும். அவர் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தது ஸ்டாம்பு தாள். ஓரமெல்லாம் பழுத்திருந்தது. அதில் அச்சடித்திருந்த தலை, செத்து நாலு வருஷமான பழைய இங்கிலாந்து ராஜாவினுடையது. முதுகில், வாங்கியவர் பச்சமுத்து மகன் மாதையன் என்று ஸ்டாம்பு வெண்டர் எழுதியிருந்தார். தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்திய சித்திரை, பாஷா முதல் தடவை மாதையனிடம் கேட்கப் போன மாசம். பாஷா தாளை முழங்கால்மேல் விரித்து, மடிப்பு போகும்வரை இரண்டு உள்ளங்கையாலும் நீவிக்கொண்டிருந்தார்.