ராசிங்காபுரத்தில் அளவு தப்பியது யார்

பரமசிவம் கம்பவுண்டர் இறந்த செய்தியைப் போடிமெட்டிலிருந்து வந்த ஜீப் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னார். "பரமசிவண்ணே போய்ச் சேந்துட்டாருய்யா. நேத்தே எடுத்துட்டாக." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அப்பாடா என்ற நிம்மதி. இனி அந்த விஷயம் வெளியே வராது என்ற நிம்மதி. சீ, நானும் ஒரு மனிதனா! அவரை அறிந்த நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போடியில் நான் மாட்டு டாக்டர், அவர் என் கம்பவுண்டர். ஆடுகளின் ஈரல் புழுவுக்கு நாங்கள் கொடுத்த மருந்து புழுவைக் கொல்லும். சில ஆடுகளுக்கு ஈரலையும் சேர்த்துக் கெடுக்கும். கெட்டதா என்று அறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஓர் ஆட்டை அறுத்துப் பார்ப்பது. பரமசிவத்துக்கு அது பொறுக்காது. "அறுத்துப் பாத்துட்டு அப்பறம் யாருக்குய்யா வைத்தியம்?" என்பார். மருந்துக்கு முன் காதிலிருந்து நாலு சொட்டு ரத்தம், மருந்துக்குப் பின் நாலு சொட்டு. கண்ணாடிக் குழாய்களில் விட்டு ஜன்னலோரம் வைப்பார். ரத்தம் உறைந்ததும் மேலே தெளியும் நீரை ஒப்பிடுவார். பின்னதில் மஞ்சள் ஏறியிருந்தால் ஈரல் கெடுகிறது என்று அர்த்தம். அதைக் "கம்பவுண்டர் ஜோசியம்" என்று நாலு பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன்.

ராசிங்காபுரத்தில் பேச்சியம்மாளின் மந்தைக்கு இரண்டாம் முறை மருந்து கொடுக்க வேண்டிய காலையில், குழாய்களை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மஞ்ச ஏறிருக்குய்யா. பத்து நாளு தள்ளிப் போடுவோம்." மறுநாள் மேலதிகாரி வருகிறார்; அதற்குள் அந்த ஊர் மருந்து முகாமை முடித்துக் காட்ட வேண்டும் எனக்கு. "உம்ம சோலியப் பாரும். வெரசா ஊத்தும்" என்றேன்.

மூன்றாம் நாள் பதினோரு ஆடுகள் செத்துக் கிடந்தன. அந்தம்மாவின் பிழைப்பே அந்த மந்தைதான். "என்னத்தய்யா குடுத்தீக?" என்று ஊரே சூழ்ந்துகொண்டது. நான் வாய் கூசாமல் சொன்னேன்: "கம்பவுண்டர் அளவு தப்பிட்டாரு." பரமசிவம் பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். பேச்சியம்மாள் மண்ணை வாரி அவர்மேல் எறிந்து, "ஒங் கை வெளங்காமப் போக!" என்று கத்தினாள். பிறகு அவரைப் போடிமெட்டு மலைக்கு மாற்றினார்கள்.

ஒருமுறை சந்தையில் அவரைப் பார்த்தபோது, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "நெசத்தச் சொல்லிருந்தா நம்ம ரெண்டு பேருட்டயும் ஆடுமாட்டக் கொண்டார மாட்டாக. டாக்டருட்டயாச்சும் கொண்டாரட்டும்னு விட்டேன்யா" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

இப்போது நானும் காதில் ரத்தம் எடுத்துத்தான் மருந்து கொடுக்கிறேன். கெட்டிக்கார டாக்டர் என்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

பேச்சியம்மா, ராசிங்காபுரத்துக்காரர்களே, அவர் அளவு தப்பவில்லை. கொடுக்க வேண்டாம் என்றவர் அவர்; ஊற்றச் சொன்னவன் நான். அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவருடைய நல்ல பெயர் இருக்கிறது. அவர் தந்ததல்ல. நான் பிடுங்கிக்கொண்டது.