அடிவாரத்தில் நின்ற படம்

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் மலையில் பாதிப் பேருக்கு எந்தப் படத்தின் முடிவும் தெரியாது. நாமக்கல்லிலிருந்து வரும் பஸ்தான் எங்கள் சினிமாக் கொட்டகை. அடிவாரம் வந்ததும் டிரைவர் டிவியை நிறுத்திவிடுவார். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் படம் பார்த்தால் பஸ்ஸை யார் கழுவுவது என்பது அவர் கவலை.

மிளகு வாங்க மலைக்கு வந்துபோன ஒருவருக்கும் என் அத்தைக்கும் பிடித்துப்போயிருந்தது. கீழே அவருக்கு வயல், தோப்பு, மாடி வீடு எல்லாம் உண்டு. பெரிய இடத்தில் தன் தங்கையை வேலைக்காரியாக வைத்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். நேரில் போய் வேண்டாமென்று சொல்லிவிடுவதாக என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வீட்டுப் பெரியவர் எங்களை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். மிளகு வாங்க வந்துபோன அந்த மகன்தான் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அப்பா உட்காரும்வரை அவரும் உட்காரவில்லை. எனக்கு முறுக்கு கிடைத்தது, அதனால் மற்றதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேண்டாமென்று சொல்லப் போன அப்பா அதைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிக்கூடக் காதல் படம். அரிசி ஆலை முதலாளியின் மகளும் சைக்கிள் கடைக்காரர் மகனும். சினிமா என்றாலே முகம் சுளிக்கும் அப்பா அன்று கண்ணெடுக்காமல் பார்த்தார். பெண்ணின் அப்பா இருவரையும் பிடித்துவிட்ட நேரத்தில் பாழாய்ப்போன அடிவாரம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

 மலைமேல் பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கும்போது அப்பா கேட்டார்.

“அந்தப் புள்ளையோட அப்பன் என்ன பண்ணியிருப்பான் கண்ணு?”

“கல்யாணம் பண்ணி வெச்சிருப்பாருங்கப்பா. இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்குதுங்களே.”

அப்பா சிரித்துவிட்டார். இரண்டே நாளில் கல்யாணத்துக்குச் சம்மதமும் சொன்னார். என் சாமர்த்தியத்தால் நடந்த கல்யாணம் என்று வெகுநாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்த மாடி வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

போன மாதம் அந்தப் படத்தைப் போனில் முழுதாகப் பார்த்தேன். பெண்ணின் அப்பா ஆள் வைத்துப் பையனைக் கொன்றுவிடுகிறார். பதறிப்போய் அத்தையைக் கூப்பிட்டு, நல்லவேளை அப்பாவுக்கு இது தெரியாமல் போனது என்றேன்.

“தெரியாதுன்னு ஆரு சொன்னா சாமி? மறுநாளே மிளகு மூட்டை ஏத்திவிடறப்ப கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டாரு உங்கப்பா. ஊட்டுக்கு வந்து, நம்ம புள்ள சொன்ன முடிவுதான் நல்லாருக்குதுன்னாரு.”