ஆள் சொல்லப் போனவள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோதுதான் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். மாதா கோயில் போர்டில், கல்யாண ஓலைகளுக்கும் கண் சிகிச்சை முகாம் அறிவிப்புக்கும் நடுவே ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தார் நடத்திய பெண்கள் பள்ளிக்கு இரண்டு பேர் தேவை. நிர்வாக அலுவலர் ஒருவர், மாணவியர் நல அலுவலர் ஒருவர். ஏதேனும் ஒரு பட்டம் போதும், கம்ப்யூட்டர் தெரிந்தால் நல்லது, உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை.

அதை நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தேன். என்னிடம் ஒரு பட்டம் இருந்தது. தபாலில் படித்து, இரண்டு பேப்பரில் கோட்டை விட்டு, மறுபடி எழுதி, ஆறு வருஷத்தில் வாங்கிய பி.ஏ. அதைச் சட்டம் போட்டு மாட்டியதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லை. அப்போது நான் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபியூஸ் கட்டையும் சின்னச் சின்ன பொம்மைகளும் செய்கிற இடம். பத்தாவது படித்தவர்கள் பார்க்கக்கூடிய வேலைதான்.

என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். அவருடைய தங்கை புருஷன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை பேசி வைத்திருந்தார். போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் நடந்த சண்டைக்கு அந்த வருஷ வெயிலே தேவலாம். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எனக்கு ஒழுங்கான வேலை அமைந்தால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டுவது. அங்கே போனால் எனக்குப் பனியனில் பிசிறு வெட்டுகிற வேலைதான் கிடைக்கும். படிப்புக்கு ஏற்ற நாற்காலியில் ஒரு நாளாவது உட்காராமல் இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது.

"அது இன்னா மாணவியர் நல அலுவலர்? பிள்ளைங்களுக்கு காச்சல் வந்தா மாத்திர குடுக்கறதா?" என்று கேட்டார் அவர்.

"தெரியலங்க. நான் போடப்போறது நிர்வாகத்துக்கு."

பிரவுசிங் சென்டரில் பயோடேட்டா அடித்துக் கொடுத்த பெண்ணுக்கும் தெரியவில்லை. பள்ளியின் தாளாளர் சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இப்போதெல்லாம் நல்ல பள்ளிகளில் இப்படி ஒருவரை வைக்கிறார்களாம் என்று சேர்த்த வேலை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நேர்முகத் தேர்வுக்கு மே மாசத்தில் வரச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவர். ஏதோ ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நிறத்தில் பேனா கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் ஒற்றைப் பேனாவை மடியில் மறைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை மூன்று மாசத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். யார் யார் எத்தனை நாள் வந்தார்கள், வரவில்லை என்று அரை மணி நேரத்தில் கூட்டி எழுத வேண்டும். கடைசியில் ஏழு பெயர்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. வருகை குறைவு, பத்தாம் வகுப்புக்கு ஏற்றாமல் டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டியவர்கள் என்று ஓரத்தில் குறிப்பு. பொதுத் தேர்வில் தேர்ச்சி விகிதம் குறைந்துவிடக் கூடாது என்று பல பள்ளிகளில் செய்கிற காரியம்தான்.

நான் கூட்ட ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். அந்த ஏழு பேருக்கும் வராத நாள்கள் ஒரே வரிசையில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு செவ்வாய். அடுத்த வாரம் புதன். பிறகு பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள். அந்தப் பொங்கல் மறுநாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் சூளை பிரித்து, வெந்த சாமான்களை வெளியே எடுத்தார்கள். பண்டிகை முடிந்து யாரும் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியது நான்தான்.

என் வேலையில் அது ஒரு பகுதி. எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு முறை சூளை ஆறியதும் முதலாளி நாள் சொல்வார். முந்தின நாள் சாயந்தரம் நான் சைக்கிளில் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள தெருவுக்குப் போய், பெண்களுக்கு ஆள் சொல்லிவிட்டு, மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு வருவேன். மற்ற நாளில் அவர்கள் கைக்குழந்தையைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் பத்து மணிக்குள் வேலைக்கு வருவார்கள். சூளை பிரிக்கிற நாளில் மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்தாக வேண்டும். உள்ளே சூடு அடங்கியிருக்காது, வெளியே வெயிலும் ஏறிவிட்டால் யாராலும் நிற்க முடியாது. "குழந்தைய யாருங்க பாத்துக்கறது?" என்று அவர்கள் கேட்டால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "அதான் பெரியவ இருக்காளே, ஒரு நாளு பாத்துக்க மாட்டாளா?"

அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சொன்னேனோ என்னவோ. வட்டம் போட்டிருந்த ஏழு பேருடைய அம்மாவையும் எனக்குத் தெரியும். கூட்டலை விட்டுவிட்டு, மூன்று மாசத்திலும் நான் ஆள் சொன்ன நாள்களை ஞாபகப்படுத்தி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பெரும்பாலும் எல்லாம் பொருந்தின. அவமானமாக இருந்தது. திருட்டுக்கொடுத்த வீட்டில் போய்த் திருடியவளே துப்பு சொல்வதைப் போல இருந்தது.

திட்டக்குடிக்காரர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். தாளாளர் ஒரு நாற்காலியில், தலைமையாசிரியை ஒரு நாற்காலியில். தலைமையாசிரியை என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, பாதியிலயே வுட்டுட்டீங்க?"

"டீச்சர், இந்த ஏழு பேரும் ஒரே நாள்லதான் லீவு போட்டிருக்காங்க. அந்த நாளெல்லாம் சூளை பிரிச்ச நாளுங்க."

"அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் அவங்க அம்மாங்களுக்கு ஆள் சொன்னேன்."

தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய பெண் வீட்டில் தங்கித் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதைச் சொன்னேன். அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான் என்பதையும் மறைக்கவில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. அதுக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்ய முடியும்? பெத்தவங்கதான் பாக்கணும்."

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் யார் எதிரே இருக்கிறார்கள் என்பது மறந்துபோகும். அந்தப் பள்ளியின் கேட்டைப் பற்றி ஊருக்கே தெரியும். காலை ஒன்பது மணிக்கு மணி அடித்ததும் இழுத்து மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதைக் கொண்டுவந்தது இந்தத் தலைமையாசிரியைதான், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"பால்வாடி ஒம்பதரைக்குத்தான் தொறக்குது டீச்சர். ஒங்க கேட்டு ஒம்பதுக்கே மூடுது. குழந்தைய அங்க வுட்டுட்டு இங்க வரதுக்கு அந்தப் பொண்ணுக்கு இறக்கையா இருக்குது? என் மேல பாதி தப்பு. மீதி பாதி ஒங்க கேட்டு மேல."

தலைமையாசிரியை முகம் சிவந்துவிட்டது. தாளாளர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"நீங்க போலாம்" என்றார் தலைமையாசிரியை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். "அவங்க ஒன்ன இன்டர்வியூ பண்ணக் கூப்ட்டா, நீ அந்தம்மாவ இன்டர்வியூ பண்ணிட்டு வந்திருக்க." மறுநாளே கடையிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து மூலையில் அடுக்கினார். நான் அழுதேன். வேலை போனதற்காகப் பாதி, நான் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பதிலுக்காகப் பாதி.

அந்த வாரக் கடைசியில் ஆள் சொல்லப் போனேன். அந்த ஏழு பெண்களில் ஒருத்தியின் அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பெண் ஏன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகவில்லை என்று கேட்டேன்.

"போவாமயா? பால்வாடில புள்ளைய வுட்டுட்டு ஓட்டமா ஓடும். கேட்டு மூடியிருக்கும். அழுதுகினே திரும்பி வந்துடும். நாலு வாட்டி அப்பிடி வந்துச்சு. அப்பறம் நான்தான் இந்த நாள்ல மட்டும் வூட்டுலயே கெடன்னுட்டேன்" என்றார். என் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே ஒரு முழுத் தாளில் தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினேன். சூளை பிரித்த நாள்கள், பால்வாடி நேரம், அந்த அம்மா சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். அவர்களுக்கு டி.சி. கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு வேலை தராவிட்டால் பரவாயில்லை என்று முடித்தேன். அது பொய். எனக்கு ரொம்பவே பரவாயிருந்தது. காலையில் அந்தக் கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. இரண்டு அட்டைப்பெட்டிகள் நிறைந்துவிட்டன. பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது எதிர்வீட்டு அக்கா, "ஒனக்கு போனு" என்று கூப்பிட்டார். ஈரக்கையோடு ஓடினேன்.

தலைமையாசிரியைதான். வணக்கம் சொல்லக்கூட விடவில்லை.

"நிர்வாக வேலைய திட்டக்குடிக்காரருக்குக் குடுத்துட்டோம். அவரு கூட்டல்ல ஒரு தப்பு கெடையாது."

"சரிங்க டீச்சர்."

"இன்னொரு வேலைக்கி வந்தவங்களுக்கு அது என்ன வேலைன்னே தெரியல. நெசத்த சொன்னா எங்களுக்கும் தெரியாது. நீங்க வந்து சேருங்க. சேந்து, அது என்ன வேலைன்னு நீங்களே எழுதிக் குடுங்க."

அவரே தொடர்ந்தார். "கேட்டு ஒம்பதுக்குத்தான் மூடும். அதுல மாத்தமே கெடையாது." கொஞ்சம் நிறுத்தினார். "சூளை நாள்ல மட்டும் பக்கத்துல இருக்கிற சின்ன கேட்டு பத்து வரைக்கும் தொறந்திருக்கும். நீங்கதான் நின்னு உள்ள வுடணும். வெயில்னு சாக்கு சொல்லக் கூடாது. அந்த ஏழு பேரும் பத்தாவதுலதான் இருக்காங்க."

பிறகு போனை வைத்துவிட்டார். எதிர்வீட்டு அக்காவைக் கட்டிப்பிடித்ததில் அவருடைய புடவை நனைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, திருப்பூருக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார். அவருக்கும் உள்ளூர சந்தோஷம்தான், ஒப்புக்கொள்ளவில்லை.

கம்பெனியில் எனக்குப் பதிலாக வந்த பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், ஆள் சொல்லப் போகிற சாயந்தரம் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று. ஜூன் மூன்றாவது வாரம் அவள் வந்து சொன்னாள்; சின்னக் கேட் பத்து வரை திறந்திருக்கும் என்று அந்த அம்மாக்களிடம் சொல்லிவிடும்படி அவளிடமே சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய கேட் மூடியதும் நான் சின்னக் கேட்டில் போய் நின்றேன்.

ஒன்பதரை வரை யாரும் வரவில்லை. தலைமையாசிரியை மாடி வராந்தாவிலிருந்து இரண்டு தடவை எட்டிப்பார்த்தார். யாருமே வராமல் போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குப் படபடப்பாக இருந்தது. ஒன்பதே முக்காலுக்கு இரண்டு பேர் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். பிறகு இன்னும் மூன்று பேர். அதன்பிறகு ஒருத்தி. ஏழாவதாக, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பெண். ஒரு பக்கச் சடை மட்டும் பின்னியிருந்தது, தோளில் குழந்தை கக்கிய பால் கறை.

அதுவரை நான் ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததால் அவள் என்னைப் பள்ளியில் பார்த்ததில்லை; தெருமுனையில் திரும்பியதும் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். முகம் வாடிப்போனது. நான் கையசைத்தும் நகரவில்லை. கிட்டே போனேன்.

"அம்மா அஞ்சு மணிக்கே சூளைக்குப் போயிட்டாங்கக்கா" என்றாள் அவசரமாக. "நெசமாத்தாங்கா. வூட்ல யாருமே இல்ல."

மூன்று வருஷமாக அந்தப் பெண் என்னைப் பார்த்ததெல்லாம் அதற்காகத்தான். நான் வந்தால் அம்மா போவாள், அவள் வீட்டில் தங்குவாள். வேறு எந்தக் காரியத்துக்கும் நான் அவர்கள் எதிரில் போய் நின்றதில்லை. அவள் புத்தகப் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"அம்மாவ கூப்பிட வரலம்மா. ஒன்னத்தான் கூப்பிட நிக்கிறேன்."

அவள் கேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒம்பது மணி அடிச்சிடுச்சேக்கா."

"அடிக்கட்டும். நீ உள்ள போ."