மகள் கேட்டு வாங்கிய விவாகரத்து

என் மகளுக்குத் தெரியாமலே அவளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அவளை எங்கள் வில்லாபுரம் வீட்டில் விட்டுவிட்டு அமெரிக்கா போன மாப்பிள்ளை, அங்குள்ள கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி மெயிலில் அனுப்பியிருந்தார். சேர்ந்து வாழ முடியவில்லை என்று ஒருவர் சொன்னாலே அந்த ஊர்ச் சட்டத்துக்குப் போதுமாம்.

"இது நம்ம ஊர்ல செல்லாதுப்பா. கேஸ் போடப் போறேன்" என்றாள் மகள். இன்னும் அவரோடு வாழத்தான் ஆசைப்படுகிறாள் என்று நினைத்து எனக்கு மனசே விட்டுப்போனது. ஆனாலும் வக்கீலிடம் கூட்டிப் போனேன்.

மதுரை குடும்ப நல கோர்ட்டில் நீதிபதியம்மா அவளிடம் கேட்டார்: "அவரோட சேர்ந்து வாழணுமாம்மா?"

"வேண்டாம் மேடம். எனக்கும் விவாகரத்துதான் வேணும்."

"அதான் அங்க கொடுத்துட்டாங்களே?"

"அங்க என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கல மேடம். நம்ம சட்டம் காரணம் கேக்கும். விட்டுட்டுப் போனது அவரு. அத இந்தக் கோர்ட்டு விசாரிச்சு, நான் கேட்டு எனக்குத் தரணும்."

அவள் குரல் நடுங்கவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இம்புட்டுத் தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வழக்கு இழுத்தது. கடைசியில், வெளிநாட்டுத் தீர்ப்பு செல்லாது என்று சொல்லி, அவள் மனுவை ஏற்று விவாகரத்து கொடுத்தார்கள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் ஒருவர் என் காதோரம் குனிந்து, "அண்ணே, பாப்பா கேஸ் என்னாச்சு?" என்று கேட்டார்.

"ஜெயிச்சிட்டா தம்பி! விவாகரத்து வாங்கிட்டா!" என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.