படிவம் வராத ஆலை

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷமாக இந்த நாட்டுச் சர்க்கரைத் தொழிலைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆலையில் இல்லை, வயலிலும் இல்லை. சர்க்கரைத் துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் தெரிகிற ஓர் அறையில். வருஷத்துக்கு ஒருமுறை வெளிவரும் 'சர்க்கரைத் தொழில்: நிலையும் எதிர்காலமும்' என்ற புத்தகத்தை எழுதுவது இவர்தான். அட்டையில் இவர் பெயர் இருக்காது. அமைச்சர் சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் புத்தகத்தில் தொழில் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. மழை பெய்யாமல் கரும்பு காய்ந்தால் அது 'சில தற்காலிக இடர்ப்பாடுகள்'. கரும்பு மிதமிஞ்சி விளைந்து, குடோனில் சர்க்கரை கட்டிதட்டி, யாராவது எடுத்துப் போனால் போதும் என்று கப்பலில் ஏற்றினால் அது 'ஏற்றுமதியில் புதிய உச்சம்'. ஏற்றி அனுப்பிய மறு வருஷமே ஊரெல்லாம் சர்க்கரை இல்லாமல் திண்டாடி, வெளிநாட்டிலிருந்து வாங்கினோம். என் சமையலறையில் இருந்த பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூடத் தெரியவில்லை, அந்த எழுத்தையே நான் பார்த்ததில்லை. புத்தகத்தில் அது 'உள்நாட்டு நுகர்வில் வரவேற்கத்தக்க வளர்ச்சி' ஆனது. கடைசி வரி மட்டும் வருஷா வருஷம் மாறாது. 'எனினும், வரும் பருவத்தில் தொழில் மீட்சி பெறும்.'

அலுவலகத்தில் இவருக்குப் பெயரே 'மீட்சி சார்'தான். இதில் நான் ரொம்பச் சிரிக்கவும் முடியாது. ஆரம்பத்தில் இவர் 'முன்னேற்றம் காணும்' என்றுதான் எழுதி வைத்திருந்தார். "மீட்சின்னு போடுங்க, கேக்க கம்பீரமா இருக்கு" என்று சொன்ன புண்ணியவதி நான். சாப்பாட்டு மேசையில் இவர் எழுத, எதிரே உட்கார்ந்து போன வருஷத்து எண்களை வாசித்ததும் நான்தான்.

மனுஷர் பொய் சொல்கிறவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் தட்டு உடைந்தால் பூனைமேல் பழியைப் போடக்கூடத் தெரியாது, நேரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் அலுவலகத்துக்கு ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு ஆலையும் மாதாமாதம் ஒரு படிவம் அனுப்ப வேண்டும்: இத்தனை டன் கரும்பு அரைத்தோம், இத்தனை டன் சர்க்கரை எடுத்தோம் என்று. படிவம் வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது, சென்ற வருஷத்து அளவோடு இரண்டு சதவீதம் கூட்டி எழுத வேண்டும். சோம்பேறி ஆலைகளுக்காகப் போட்ட விதி. போட்டதும் இவர்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். அதற்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. ஓர் ஆலையை மூடிவிட்டால் 'மூடிவிட்டோம்' என்று படிவம் நிரப்பி அனுப்ப உள்ளே யார் இருப்பார்கள்?

என் அண்ணன் வீட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் ஒரு சர்க்கரை ஆலை. நாலு வருஷத்துக்கு முன்னால் மூடினார்கள். கரும்பு விலையை மேலே இருக்கிறவர்கள் ஏற்றிக்கொண்டே போனார்கள், சர்க்கரை விலையை ஏறவிடவில்லை, இயந்திரமோ என் மாமனார் வயசு. கடைசியில் ஒரு நாள் வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். புகைபோக்கியின் வாயில் இப்போது ஒரு செடி வளர்ந்து மரமாகிக்கொண்டிருக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

புத்தகத்தில் அது பதினேழாவது வரிசை. மூடிய வருஷம் மூன்று லட்சத்து எண்பதாயிரம் டன் அரைத்திருந்தது. படிவம் வரவில்லை, இரண்டு சதவீதம் கூடியது. மறு வருஷமும் வரவில்லை, மறுபடி கூடியது. நிஜமாக ஓடுகிற ஆலைகளுக்கு நல்ல வருஷமும் உண்டு, கெட்ட வருஷமும் உண்டு. இதற்குக் கெட்ட வருஷம் எங்கிருந்து வரும்? போன புத்தகத்தில் 'சீரான வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டு' என்று நாலு ஆலைகளைப் பாராட்டியிருந்தார்கள். அதில் இதுவும் ஒன்று. மற்ற மூன்றின் வாசலிலும் சங்கிலிதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு தடவை கேட்டேன். "என்னங்க, அது மூடிக் கெடக்குன்னு உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். ஆனா பூட்டு படிவம் இல்லையே. நான் பார்த்தேன்னு எழுத முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அடுத்த எண்ணை வாசித்தேன்.

புத்தகம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அண்ணனுக்குத் தபாலில் அனுப்புவேன். எல்லாம் பெருமைதான், வேறென்ன? நம்ம வீட்டு ஆள் நாட்டுக்கே எதிர்காலம் எழுதுகிறார் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? அவன் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு டீவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். படிக்கவும் செய்கிறான் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"தங்கச்சி, மாப்பிள்ளைகிட்ட சொல்லு. புத்தகம் முழுக்கப் படிச்சிட்டேன். எலுமிச்சையை எடுத்துட்டு மொத்தத்துலயும் கரும்பு போடப்போறேன். மரம் வெட்ட ஆள் வந்தாச்சு, நாளைக்கு ஆரம்பிக்கிறாங்க."

ஆறு ஏக்கர், நானூறு மரம். ஒவ்வொன்றும் பதினாலு வருஷத்து மரம், அண்ணனும் அண்ணியும் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தது. வெட்டிவிட்டால் வெட்டியதுதான், மறுபடி இந்த அளவுக்கு வளர்ந்து காய்க்க இன்னொரு பதினாலு வருஷம் உட்கார்ந்திருக்க அவனுக்கு வயசு இல்லை. கரும்பு போட்டு வெட்டினால் கொண்டு போவது எங்கே? ஓடுகிற ஆலை லாரியில் ஏழு மணி நேரம். வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடையும் போகும், சாறும் போகும். போய்ச் சேரும்போது அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

இவர் போனை வாங்கினார். ஒற்றை வாக்கியம் போதும்: அந்த ஆலை ஓடவில்லை, நான் எழுதியது பொய். இருபத்தெட்டு வருஷப் பழக்கம் விடுமா?

"மச்சான், கொஞ்சம் நிதானிச்சு செய்யுங்க. அந்த அட்டவணையில சில உத்தேச மதிப்பீடுகள் இருக்கு. நடைமுறை நிலவரத்தோட ஒப்பிட்டுப் பாத்துதான்..."

அந்தப் பக்கம் அண்ணன் சிரிப்பது எனக்கே கேட்டது. "புரியுது மாப்பிள்ளை, புரியுது. நீங்க அரசாங்க ஆளு, வெளிப்படையா சொல்ல முடியாது. நீங்க சொன்னதா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. "உத்தேச மதிப்பீடு, உத்தேச மதிப்பீடுன்னு சொல்லி எங்கண்ணன் குடியைக் கெடுத்துராதீங்க" என்பது அதில் மிகவும் மரியாதையான பகுதி. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். வழி முழுக்க இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். பேச்சை ஒத்திகை பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் போய் இறங்கும்போது ரம்பச் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. இரண்டு வரிசை படுத்துவிட்டது. காயோடு வெட்டியிருந்தார்கள், கால் வைத்த இடமெல்லாம் பச்சை எலுமிச்சை உருண்டது. அண்ணி ஒரு கூடையை வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதிருக்கிறாள்.

"மச்சான், நிறுத்தச் சொல்லுங்க. அந்த ஆலை தெறக்காது" என்றார் இவர்.

"நீங்க வாங்க, மொதல்ல உக்காருங்க."

"ஆலை மூடிக் கெடக்கு மச்சான்."

"எதிர்லயே குடியிருக்கேன், மூடிக் கெடக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா புத்தகத்துல ஓடுதே. மூடின ஆலையை ஓடுதுன்னு அரசாங்கம் சும்மா எழுதுமா? தெறக்கப்போறாங்க, அதுக்குத்தான் கணக்குல உயிரோட வெச்சிருக்காங்க. அஞ்சாவது அத்தியாயத்துல போட்டிருக்கே, இனிமே கரும்புல இருந்து எரிபொருள் எடுத்து வண்டிக்கெல்லாம் ஊத்தப்போறாங்கன்னு."

"புத்தகத்தை எழுதினது நான்."

"அதனாலதான் நம்புறேன், மாப்பிள்ளை."

அண்ணன் கண்ணாலே பார்க்கிறதைவிட அச்சில் பார்க்கிறதை நம்புகிறவன். எழுதியவனே வந்து காலில் விழுந்தாலும் புத்தகம் சொல்வதுதான் அவனுக்குச் சத்தியம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உள்ளே போய், காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, ஒரு பேனாவையும் எடுத்துவந்து இவர் முன்னால் வைத்தேன்.

"எழுதுங்க. அந்த ஆலை இன்னும் பத்து வருஷத்துக்கு எவ்வளவு அரைக்கும்னு இப்பவே எழுதுங்க."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். நாலு லட்சத்துப் பத்தொன்பதாயிரம். அதன் கீழே நாலு லட்சத்து இருபத்தேழாயிரம். கால்குலேட்டர் இல்லை, போன வருஷப் புத்தகம் இல்லை, படிவம் இல்லை. கை நிற்கவே இல்லை. பல் விளக்குகிற மாதிரி எழுதிக்கொண்டே போனார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. பத்தாவது வருஷம் அந்த ஆலை ஐந்து லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. தலையில் மரம் முளைத்த ஆலை.

"புத்தகத்துல இருக்கறதும் இப்படித்தான் வந்துச்சு மச்சான். எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில உக்காந்து எழுதினேன். உங்க தங்கச்சி வாசிச்சா, நான் இரண்டு சதவீதம் கூட்டினேன்."

அண்ணன் தாளை வாங்கினான். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இறங்கினான். டீவி பக்கத்திலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து, உறையைப் பிரித்து, பதினேழாவது வரிசையைத் தேடி, அதன் மேலும் விரலை வைத்தான். பிறகு வெளியே போய்க் கையைக் காட்டினான். ரம்பம் நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். "இந்த மாதிரி எத்தனை ஆலை?"

"ஒம்போது."

"மொத்தம்?"

"இருபத்துமூணு."

அவன் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம்தான் சொன்னாள்.

"உங்கண்ணன் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு இந்தத் தெரு பூரா போனாரு. எங்க மாப்பிள்ளை எழுதினது, எங்க மாப்பிள்ளை எழுதினதுன்னு. நம்ம தோட்டம்தான் கடைசி. மத்தவங்கள்லாம் போன வாரமே வெட்டிட்டாங்க."

அந்தத் தெருவில் அப்படி வெட்டியது பதினோரு வீடு. இருபத்தெட்டு வருஷமாக இந்த ஆள் நாட்டை ஏமாற்றுகிறார் என்று வாய் வலிக்கக் கிண்டல் செய்திருக்கிறேன். நாடு என்றால் எனக்கு அமைச்சர், இயக்குநர், சிரிக்கிற அட்டை, அவ்வளவுதான். அதில் வீடுகள் இருக்கின்றன என்று தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தில் தபால்தலை ஒட்டியிருப்பேனா? ஒட்டியது என் கை.

இவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். "மச்சான், பக்கத்து வீடு யாரோடது?"

தையல்காரம்மாவுடையது. இரண்டு ஏக்கர், தொண்ணூறு மரம் இருந்ததாம். இப்போது அடிக்கட்டைகள்கூட இல்லை, தோண்டி எடுத்து உழுதுவிட்டிருந்தார்கள். வாசலில் கரும்புக் கரணைகள் கட்டுக்கட்டாக, நடுவதற்குத் தயாராக ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தன. அந்தம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார்கள். அண்ணனைப் பார்த்துவிட்டு, "இவங்கதானா உங்க மாப்பிள்ளை, வாங்க, வாங்க" என்று முகமெல்லாம் சிரிப்பாக, சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

இவர் உட்காரவில்லை. வாசலில் இருந்த கரணைக் கட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் பார்த்த ஒத்திகையெல்லாம் எங்கே போயிற்றோ. நான்தான் சொன்னேன். புத்தகத்தை அனுப்பியது நான் என்பதில் ஆரம்பித்து, படிவம், இரண்டு சதவீதம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

நான் முடித்ததும் அந்தம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த புகைபோக்கியைப் பார்த்தார்கள். பிறகு என்னை விட்டுவிட்டு இவரைக் கேட்டார்கள்.

"நீங்க ஆபீசுல உக்காந்து எழுதுறவங்க. அது மூடிக் கெடக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரியும், பாவம். நீங்க இங்க வந்து பாத்திருக்க மாட்டீங்களே?"

எங்களுக்காக அவர்களே ஒரு வழியைத் திறந்து வைத்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தலையை ஆட்டியிருந்தாலும் போதும். நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்திருக்கேன்மா" என்றார் இவர். "வருஷா வருஷம்."